சீனரி அண்ணனின் கேரியரில் நான்

ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். பயந்துபோய்த் தரையைப் பார்த்துக்கொண்டு போனவர்கள் ஒரு வகை. சீனரி அண்ணன் இன்னொரு வகை. அந்த இன்னொரு வகையில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. ஊரே தலையைக் குனிந்துகொண்டு போன அந்த நாட்களில், அவர் ஒருவர்தான் கடலைப் பார்த்து "அடடா!" என்று சொல்லிக்கொண்டே சைக்கிள் ஓட்டினார். அவர் ஓட்டியதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அதே சைக்கிளின் கேரியரில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் கஷ்டம்.

நாங்கள் இருவரும் தஞ்சோங் பகாரில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிட்டங்கியில் கிராணிகள்; குமாஸ்தாக்கள் என்று சொல்லலாம். வருகிற மூட்டைகளைச் சரிபார்த்து அடுக்க வைப்பது எங்கள் வேலை. வெள்ளைக்காரன் இருந்தபோதும் அதே வேலைதான். ஜப்பான்காரன் வந்த பிறகு மூட்டைகள் குறைந்தன, அறைகள் கூடின. தாமதமாக வந்தால் கன்னத்தில் ஒன்று. வணக்கம் சரியாகக் குனிந்து வைக்காவிட்டால் இன்னொன்று.

என்னிடம் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது. ஊர் விழுந்த சில நாட்களில் தேக்கா சந்தை வாசலில் ஒரு சிப்பாய் அதைக் கையால் தட்டிப் பார்த்தான், சிரித்தான், ஏறிப் போய்விட்டான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அதன் பிறகு சிராங்கூன் ரோட்டிலிருந்து தஞ்சோங் பகாருக்கு நடை. பஸ் என்று எதையும் நம்ப முடியாது. இரண்டு முறை தாமதமாகி இரண்டு கன்னமும் வீங்கிய பிறகுதான் சீனரி அண்ணன் கேட்டார்.

"ஏன் தம்பி நடந்து சாகுறீங்க? நம்ம வண்டியில ஏறிக்குங்க."

கிட்டங்கியில் எல்லோரும் அவரைச் 'சீனரி' என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மைப் பெயர் மேலாளருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடி அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருந்தார். ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து. அந்தக் கழுத்து எப்போதும் இடது பக்கம் திரும்பியே இருக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது கடல் இடது பக்கம் இருந்தது என்பதே அதற்குக் காரணம்.

முதல் நாள் ஏறியபோதே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. டயர், டியூப் எதுவும் கிடைக்காத காலம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை வெட்டி, சக்கரத்தைச் சுற்றிக் கம்பியால் முடுக்கியிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முடிச்சு தரையில் பட்டு, வண்டி ஒரு முறை எம்பி இறங்கும். எலும்பு எல்லாம் இடம் மாறி உட்காரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேராக செலிகி ரோடு வழியாகப் போக வேண்டிய மனிதர், ரோச்சோர் கால்வாயை ஒட்டி வண்டியைத் திருப்பினார்.

"அண்ணே, எங்க போறீங்க? இது பீச் ரோட்டுக்குப் போற வழி!"

"ஆமா தம்பி. அந்த வழியில என்ன இருக்கு? கட்டடம். இந்தப் பக்கம் போனா கடல் ஓரமாவே போகலாம். சீனரி!"

"அந்தப் பக்கம் காவலுக்கு சென்ட்ரி நிப்பானே அண்ணே!"

"எந்தப் பக்கம் நிக்கல?"

அதற்குமேல் எனக்குப் பேச வாய்ப்பு கிடைக்கவில்லை. கால்வாய்க் கரையில் கீழ்வானத்தில் ஏதோ மேகத்தைப் பார்த்தபடி அவர் ஓட்டியதில், முன்னால் போன மரவள்ளிக்கிழங்கு வண்டியின் பின்புறத்தில் போய் மோதினோம். நான் கிழங்கின் மேல் விழுந்தேன். அவர் ரோட்டில் மல்லாக்க விழுந்தார். வண்டிக்காரர் இறங்கி வந்து எங்கள் இருவரின் வம்சத்தையும் விசாரித்தார். மாடு திரும்பிப் பார்த்தது. சீனரி அண்ணன் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. மண்டையில் அடிபட்டுவிட்டதோ என்று பதறிக் குனிந்தேன்.

"தம்பி," என்றார் படுத்தபடியே, "இங்கேருந்து பாத்தா இன்னும் நல்லாயிருக்கு."

ஜப்பான்காரன் வந்ததும் ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டான். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டதால், எல்லோரும் இருட்டில் எழுந்து இருட்டில் குளித்து இருட்டிலேயே வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அவனைத் திட்டாத வாய் இல்லை. சீனரி அண்ணன் மட்டும் அந்த விஷயத்தில் ஜப்பான்காரனை மெச்சினார். "வெள்ளக்காரன் காலத்துல நாம கடலுக்கு வர்றப்ப வெயில் ஏறிடும் தம்பி. இப்பப் பாருங்க, சரியா சூரியன் மேல வர்ற நேரத்துக்கு நம்மளக் கொண்டாந்து விட்டுர்றான்."

பீச் ரோட்டைத் தாண்டினால் திடல். திடலுக்கும் கடலுக்கும் நடுவே, மரங்களின் கீழே போகும் பாதைதான் அவருக்கு உயிர். அங்கே வந்ததும் மிதிப்பதையே மறந்துவிடுவார். வண்டி தானாக உருளும். அவர் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். தண்ணீர் இன்றைக்கு என்ன நிறம், கடலில் கம்பு நட்டுக் கட்டிய கேலோங் மீன்பட்டியின் கால்களில் அலை எப்படி உடைகிறது, தொங்காங் சரக்குப் படகின் முகப்பில் எழுதிய கண் எந்தப் பக்கம் முறைக்கிறது, எல்லாம். நான் எதையும் பார்த்ததில்லை. கேரியரில் உட்கார்ந்த நாள் முதல் நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அவருடைய சட்டை முதுகு. கடலைப் பார்ப்பவனை எவனாவது பார்ப்பான் என்ற பயத்தில், முகத்தை அந்த முதுகில் ஒட்டிவைத்துக்கொண்டு "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வருவேன்.

பாதை முடிந்து ஆற்றுப் பாலம் வரும். பாலத்து முனையில் துப்பாக்கியில் கத்தி செருகிய சென்ட்ரி. அவனுக்கு முன்னால் இறங்கி, இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். மறந்தவர்களுக்கு அறை. அவன் மனநிலை சரியில்லையென்றால் வெயிலில் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு நாள் நான் இறங்கிக் குனிந்துவிட்டேன். பக்கத்தில் இவரைக் காணோம். ஓரக்கண்ணால் பார்த்தால், சென்ட்ரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலை நோக்கி நின்று, வாயைப் பிளந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! பூட்ஸ் சத்தம் எங்களை நோக்கி வந்தது. "கொரா!" என்று ஒரு அதட்டல். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அறை விழும் சத்தம் வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தேன். சென்ட்ரியும் சூரியனைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மறுபடி சூரியனைப் பார்த்தான். சூரியன் போட்ட தன் நாட்டுக் கொடியை நினைத்துத்தான் இந்த ஆள் கும்பிடுகிறான் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். சீனரி அண்ணனின் தோளைத் தட்டிக் கொடுத்தான். அவர் திரும்பி அவனைப் பார்த்து, அசல் தமிழில், "நல்லாயிருக்குல்ல?" என்றார். அவன் தலையாட்டினான். பாலத்தைத் தாண்டும் வரை நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி ராஜத்திடம் சொன்னேன். அவள் அப்போது முதல் பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். "அந்த ஆளோட போகாதீங்க. ஒரு நாள் ஜப்பான்காரன் ரெண்டு பேரையும் கொண்டுபோயிருவான்," என்றாள். ஆனால் நடந்து போனால் நேரத்துக்குப் போக முடியாது. வேலை போனால் அரிசிப் படி போய்விடும். மறுநாள் மறுபடி கேரியர்.

அந்த மறுநாள்தான் அவர் கப்பல்களைப் பற்றி ஆரம்பித்தார். "தம்பி, நேத்தவிட இன்னிக்குக் கப்பல் ஜாஸ்தியாயிருக்கு பாத்தீங்களா? அந்த சாம்பல் கலர் பெருசு புதுசு..."

பக்கத்தில் யாரோ நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வண்டி மரத்தில் முட்டி நின்றது.

"அண்ணே! கப்பலப் பத்திப் பேசினா அவன் வேற மாதிரி நெனப்பான். கழுத்து போயிரும். என் பொண்டாட்டி மாசமா இருக்கா. கப்பலே வேணாம்!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. "சரி தம்பி. இனிமே கப்பலே என் கண்ணுல படாது. சத்தியம்," என்றார். அன்றிலிருந்து அவருடைய கடலில் கப்பல் என்பதே இல்லாமல் போயிற்று. துறைமுகம் நிறையக் கப்பல் நின்றாலும் மேகம், தண்ணீர், பறவை, படகு என்றே சொல்லிவருவார்.

இப்படியே சில மாதங்கள் ஓடின. பிறகு அந்தக் காலை வந்தது.

திடலோரப் பாதையில் உருண்டுகொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றது. "தம்பி, தம்பி, அங்க பாருங்க! மிதந்துபோற பலகை மேல ஒரு கொக்கு! ஒத்தக் கால்ல நிக்குது. டிக்கெட் வாங்கின பாசஞ்சர் மாதிரி எவ்வளவு நிம்மதியாப் போகுது பாருங்க!" கையை நீட்டிக் கடலைக் காட்டினார். நான் வழக்கம்போல முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு "ம்" என்றேன்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தான். இன்னொருவன் எனக்குப் பின்னால் நின்றான். எங்கிருந்தோ ஒரு லாரி வந்தது. எங்களை ஏற்றினார்கள். சைக்கிளையும் ஏற்றினார்கள்.

எந்தக் கட்டடம் என்று அப்போது கவனிக்கும் நிலையில் நான் இல்லை. நீண்ட நடைவழி. சுவரோரமாக ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிய நிலையில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கக் காய்ந்த ரத்தம். எங்களைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். காவலாளி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அங்கிருந்து வெளியே வந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்களைத் தனித்தனி அறைகளில் அடைத்தார்கள். என் அறையில் ஒரு அதிகாரியும் மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். அதிகாரி நிதானமாகக் கேட்டார். எதைச் சுட்டிக் காட்டினான் உன் கூட்டாளி?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்க்கவே இல்லையே! பக்கத்து அறையில் அவரிடமும் இதையேதான் கேட்பார்கள். அவர் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் இரண்டு பேரும் முடிந்தோம். அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பலகை. கொக்கு. ஒற்றைக் கால்.

அதற்கு முன்னால் என்ன காட்டினான்? தண்ணீர், என்றேன். காலையில் ஈயம் மாதிரி இருந்தது, சூரியன் வந்ததும் ஓரத்தில் மட்டும் செம்பாகியது. நேற்று? ஒரு கிழவி படிக்கட்டில் உட்கார்ந்து மரக்கட்டைச் செருப்பைக் கழுவினாள், ஒன்று கையை விட்டு மிதந்துபோய்விட்டது. அதற்கு முந்தின நாள்? படகின் கண்ணுக்கு ஒருவன் புதுச் சாயம் பூசினான், ஒரு கண் பெரிதாகிவிட்டது. மாதக்கணக்கில் "ம்" கொட்டிக் கேட்டதெல்லாம் மழை மாதிரி கொட்டியது. எனக்கே ஆச்சரியம், இவ்வளவும் எனக்குள் எப்போது போனது என்று.

மொழிபெயர்ப்பாளர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டிக்கெட் என்றால் என்ன?"

நான் விழித்தேன்.

"அடுத்த அறையில் இருப்பவன் டிக்கெட் என்கிறான். எந்த டிக்கெட்? யார் கொடுத்தது? எங்கே போக?"

"கொக்குதான் துவான்! கொக்குதான் டிக்கெட் வாங்கியிருக்கு!" என்று கத்திவிட்டேன். அது இன்னும் மோசமாகக் கேட்டது. மலாயில் விளக்க வார்த்தை வரவில்லை. வேறு வழி தெரியாமல் எழுந்து, ஒற்றைக் காலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, பயணம் போகும் கொக்காக அதிகாரியின் முன்னால் நின்றேன். உடம்பு நடுங்கிய நடுக்கத்தில், அலைமேல் போகும் பலகையும் சேர்ந்து நன்றாகவே வந்தது.

அதிகாரி வெகுநேரம் என்னைப் பார்த்தார். எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே சீனரி அண்ணனும் அதே நேரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்த அதிகாரி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கொட்டாவி விட்டபடி சொன்னார்: "துறைமுகம் முழுக்கக் கப்பல் நிற்கிறது. நீங்கள் இருவரும் ஒரு கப்பலைக்கூடப் பார்க்கவில்லை. உங்களை ஒற்றர்களாக வைத்துக்கொள்ள எந்தப் பைத்தியக்காரனும் முன்வரமாட்டான் என்கிறார். போகலாம்."

ஆனால் சும்மா போகவிடவில்லை. எனக்குக் கன்னத்தில் இரண்டு அறை. அவருக்கு, இனிமேல் எதையும் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி, கண்களின்மேலேயே குத்தினார்கள். வெளியே கொண்டுவந்து விட்டபோது அவர் முகம் அடையாளம் தெரியவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழாய் டயரைப் பார்த்து யாருக்கும் ஆசை வந்திருக்காது.

கொஞ்ச தூரம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து, ஒரு கடைக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் உட்கார வைத்தேன். உயிர் திரும்பி வந்ததும் எனக்குக் கோபமும் கூடவே வந்தது.

"உங்களுக்கு பயமே கிடையாதாண்ணே? ஊரெல்லாம் தலையக் குனிஞ்சுகிட்டுப் போகுது. நீங்க மட்டும் ஏன் இப்படிப் பாத்துத் தொலைக்கிறீங்க?"

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பயம் இல்லையா? எனக்கா?" என்றார். "மொதல் மாசம் நானும் ரோட்டப் பாத்துத்தான் ஓட்டினேன் தம்பி. பீச் ரோட்டுல லாரி லாரியா சீன ஆளுங்கள ஏத்திட்டுப் போனான். ஒரு லாரியில நம்ம காப்பிக்கடை மொதலாளி டவுக்கே நின்னாரு. தெனம் எனக்குக் காப்பி ஊத்தின மனுஷன். என்னைப் பாத்தாரு. நானும் பாத்தேன். லாரி போயிருச்சு. அவர் வரவேயில்ல. அதுக்கப்புறம் ரோட்டப் பாத்தா எனக்கு மிதிக்க வரல. கால் நின்னுரும். அதான் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். திருப்பினா அங்க கடல் இருந்துச்சு. அது அழகா இருந்தா நான் என்ன பண்ணட்டும்?"

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாளும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. வராவிட்டால் சந்தேகம் வரும். ராஜம் வேகவைத்த கிழங்கை இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, "அந்த அண்ணனைத் தனியா விட்டுறாதீங்க," என்றாள். நான் ஓட்ட, அவர் கேரியரில் உட்கார்ந்தார். செலிகி ரோட்டுக்குத் திரும்பப் போனேன். திரும்பவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது, கால்வாய்ப் பக்கம் போய்விட்டேன்.

திடலோரம் வந்ததும் பின்னாலிருந்து குரல். "தம்பி, என்ன தெரியுது?"

"கடல்."

"கடல்னா?"

"தண்ணிண்ணே. நெறையத் தண்ணி."

"என்ன கலர்?"

"தண்ணிக் கலர்தான்."

"யோவ், சரியாப் பாத்துச் சொல்லுய்யா!" என்று முதல்முறையாக என்னை அதட்டினார். மரத்தடியில் யாராவது உட்கார்ந்திருக்கிறானா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். பிறகு தலையை இடது பக்கம் திருப்பினேன். இத்தனை மாதம் அந்த வழியாகப் போய்வந்தவன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பச்சைண்ணே," என்றேன். "இல்ல, பச்சை இல்ல. கரையோரம் பச்சை. தூரத்துல... பால் கலந்த மாதிரி." வண்டி தடுமாறிப் புல்லில் இறங்கியது.

"அப்படிச் சொல்லுங்க," என்றார் பின்னாலிருந்து. "ரோடு கிடக்கட்டும். மேல சொல்லுங்க."

அவர் கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அதுவரை நானே பார்த்துச் சொன்னேன். பாலம் வந்ததும் இறங்கி, அவர் தோளைப் பிடித்துச் சென்ட்ரி நிற்கும் பக்கம் திருப்பி, இருவரும் சேர்ந்து குனிவோம். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஜப்பான்காரன் கப்பலேறும் வரை போகவில்லை. பயந்துகொண்டேதான் பார்த்தேன்.

சண்டை முடிந்து கிட்டங்கியும் மூடிக் கிடந்தபோது, அவருக்கு ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை கிடைத்தது. ராஜமும் நானும் மூன்று வயதுக் குழந்தையோடு தஞ்சோங் பகார் ரயிலடிக்குப் போயிருந்தோம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். கண்ணோரத்தில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது.

"அங்க கடலே கிடையாதேண்ணே. என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"மலை இருக்காம் தம்பி," என்றார் ரகசியம் சொல்வதுபோல.

ரயில் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. என் தலைக்கு மேலே, மழைக்கு முந்தின வெளிச்சத்தில் வானம் ஏதோ செய்துகொண்டிருந்தது போலும், வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜத்துக்கு வருத்தம். "பாருங்களேன், நம்மளத் திரும்பிக்கூடப் பாக்கல!" என்றாள். நான் அவளையும் குழந்தையையும் மெல்ல இழுத்துக்கொண்டு, அவருக்கு மறைக்காமல் ஓரமாகத் தள்ளி நின்றேன்.